வளைஞ்ச முள்ளும் மறையூர் மாமாவும்

சுத்த சைவ மக்கள் இங்கேயே அப்பீட் ஆகிக்கொள்ளலாம். இன்றைக்கு முழுக்க மீன், அதிலும் தூண்டில் முள். விரல் நீளக் கம்பியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: எங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு கிடையாது. இந்த முள்ளில்தான் தகராறு. :-)

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டில் மலையாளம், வீட்டுக்குள் தமிழ். அம்மாவுக்கு ஊர் மறையூர், இடுக்கி மாவட்டம். இரண்டுமே கேரளாதான். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு செக்போஸ்டில் மறுபடியும் கேரளாவுக்குள் ஏற வேண்டும். முழுப் பரீட்சை லீவில் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

இரண்டு ஊருமே மலையின் மழை மறைவுப் பக்கம். ஆனால் தண்ணீர் வேற மாதிரி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் ஊர். மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளாவுக்கு விட வேண்டும் என்பது 1970இல் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். தண்ணீர் விட்டால் வாய்க்கால் நிறையும், ஏரி நிறையும், பின்னாலேயே மீனும் வரும். வரால், கெளுத்தி, ஜிலேபி. மறையூரில் பாம்பாறு. பாறைக்கு நடுவே குளிர்ந்து ஓடி, சின்னாற்றோடு சேர்ந்து, அமராவதி அணைக்குள் போய், கடைசியில் காவிரியில் கலக்கிற ஆறு. கபினி, பவானி மாதிரி, கேரளாவில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் இது ஒன்று.

எனக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது மறையூர் மாமா. மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, ஈயத் துண்டு, மண்புழு. முள் மட்டும் கடையில் வாங்குவது. ஆங்கில எழுத்து 'ஜே' மாதிரி இருக்கும், முனை மேலே பார்க்கும். மாமாவின் பாடம் ஒரே வரி: "தக்கை முங்குனதும் சுண்டணும். முன்னாடி சுண்டுனா முள்ளு வெளிய வரும், பின்னாடி சுண்டுனா வயித்துக்குள்ள போயிரும்." அந்தக் கால் நொடிதான் வித்தை. அது கைக்கு வந்துவிட்டால் சாகும் வரை போகாது.

இனி கடல் தாண்டுவோம். இப்போது இருப்பது மாசசூசெட்ஸ். வாரம் முழுக்க ஆபீசில் ஆணி. மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை விடிகாலையில் கேப் காட் கால்வாய்க்கரையில் தூண்டில். இங்கே எல்லாரும் துரத்துவது ஸ்ட்ரைப்ட் பாஸ். உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடு. தூரத்தில் பார்த்தால் நம்ம கொடுவாவின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

2019 கோடையில் மகளையும் கூட்டிப்போனேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. பக்கத்தில் நின்றவர் ஒரு மீன் ஏற்றினார். அளவில் சின்னது, விட்டே ஆக வேண்டும். ஜே முள் தொண்டைக்குக் கீழே போயிருந்தது. மனிதர் நல்லவர், முடிந்தவரை பொறுமையாகத்தான் எடுத்தார். செவுள் ஓரமெல்லாம் ரத்தம். தண்ணீரில் விட்டார். இரண்டு தடவை வாலை அசைத்தது. அப்புறம் வெள்ளை வயிறு மேலே வந்தது. ஒரு கடற்காக்கை இறங்கியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின் சீட்டிலிருந்து கேள்வி. "அப்பா, நாம விடற ஃபிஷ் எல்லாம் நெஜமாவே பொழைக்குதா? இல்ல, நாம பாக்காத இடத்துல சாகுதா?"

கம்ப்யூட்டர் ஆசாமியிடம் கேட்டால் உடனே தேட ஆரம்பித்துவிடுவான் அல்லவா? தேடினேன். இந்த மீனுக்கான கணக்கு வைத்திருப்பது அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம். பிடித்து விடப்படும் ஸ்ட்ரைப்ட் பாஸில் நூற்றுக்கு 9 செத்துப்போகும் என்று வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். கேட்கக் குறைச்சலாகத் தெரியும். ஆனால் இந்தக் கடற்கரை முழுக்க ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் பிடித்து விடுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள். மகள் அவள் அளவில் பெருக்கிப் பார்த்தாள். "அப்ப நாம இந்த சம்மர்ல விட்ட பன்னெண்டுல ஒண்ணு செத்திருக்கும்."

அந்த ஆணையம் கொண்டுவந்த விதிதான் வட்ட முள். சர்க்கிள் ஹூக். 2021 ஜனவரி முதல், இந்த மீனை இரை வைத்துப் பிடிப்பதென்றால் வட்ட முள்ளில்தான் பிடிக்க வேண்டும். விதியில் வட்ட முள்ளுக்கு இலக்கணமும் உண்டு: முனை உள்பக்கம் திரும்பித் தண்டைச் செங்குத்தாகப் பார்க்க வேண்டும், முள் பக்கவாட்டில் கோணியிருக்கக் கூடாது.

பார்த்தால் சிரிப்பு வரும். இதில் மீன் எப்படி மாட்டும்? விரலை வைத்து இழுத்தால்கூடக் குத்தாது. அதேதான் விஷயம். மீன் இரையை முழுங்கிவிடுகிறது என்று வையுங்கள். நரம்பு மெதுவாக இறுகும்போது முள் தொண்டையிலிருந்து வெளியே நழுவி வருகிறது. முனை உள்ளே மடங்கியிருப்பதால் மெத்தென்ற சதையில் குத்துவதில்லை. வாயின் ஓரத்துக்கு வந்ததும் தண்டு வெளியே போய்விட, முள் திரும்புகிறது. திரும்பும்போது தாடை மூலையில் கொளுவிக்கொள்கிறது. கழற்றுவதும் சுலபம். வந்த வழியே திருப்பினால் போதும்.

இதில் ஒரே நிபந்தனை, சுண்டக் கூடாது. சுண்டினால் திரும்ப நேரமில்லாமல் முள் மொத்தமாக வாயை விட்டு வெளியே வந்துவிடும். தக்கையைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இது எப்படிப்பட்ட சோதனை! கம்பு வளைகிறது, கை துடிக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யாமல் நின்று, பாரம் ஏறினதும் மெதுவாகச் சுற்ற வேண்டும். முதல் நாளே மகளுக்கு வந்துவிட்டது. அவளுக்கு மறக்க வேண்டிய பழைய பாடம் எதுவும் இல்லையே!

கூடவே ஒரு விதி. 2023 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன், அதுவும் 28 அங்குலத்திலிருந்து 31 அங்குலத்துக்குள். அதற்குச் சின்னதும் பெரியதும் தண்ணீருக்கே திரும்ப வேண்டும். அதாவது பத்துப் பிடித்தால் ஒன்பதாவது விட வேண்டியதுதான். (தங்கமணியின் கேள்வி: "அப்ப காலைல நாலு மணிக்கு எழுந்து போறது எதுக்கு?" பதில் இல்லை.) இப்படி விடுவதே வேலை என்றான பிறகு, எந்த முள் என்பது கம்பு, சக்கரம் மாதிரி ஆசைக்கு வாங்கும் விஷயம் இல்லை. விட்டது பிழைக்குமா, பிழைக்காதா என்பதே பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவின் ஆலோர் தீவில் சுமார் 12,000 வருடத்துக்கு முந்தைய ஒரு புதைகுழியைத் தோண்டியபோது, எலும்புக்கூட்டின் தாடையைச் சுற்றி ஐந்து தூண்டில் முட்கள் கிடைத்தன. கடல் சிப்பியில் அறுத்தவை. நான்கு வட்ட முள். 2017இல் வெளியான ஆய்வு அது. பெண்ணின் எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். பசிபிக் தீவுக்காரர்களும் எலும்பிலும் சிப்பியிலும் இதே வடிவத்தைத்தான் செய்து வந்தார்கள். அவர்கள் யாரும் மீனைத் திரும்ப விடுவதற்காகச் செய்யவில்லை. சாப்பிடத்தான் செய்தார்கள்.

அலாஸ்கா பக்கம் ஹாலிபட் பிடிப்பவர்கள் 1980களில் ஜே முள்ளிலிருந்து வட்ட முள்ளுக்கு மாறியதும் இரக்கத்தால் இல்லை. நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கில் முள் கட்டிக் கடலில் போட்டுவிட்டு வருகிறார்கள். சுண்டுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? வட்ட முள்ளில் மீன் தானே மாட்டுகிறது, மாட்டினது கழலுவதில்லை. அதனால் அதிகம் கிடைத்தது, மாறினார்கள். அப்புறம் 2004இல் அமெரிக்கா வாள்மீன் பிடிக்கும் நீள்கயிறுகளில் பெரிய வட்ட முள்ளைக் கட்டாயமாக்கியது. கடலாமைகள் முள்ளை முழுங்கிச் சாவதைக் குறைக்க. நம் பக்கம், கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் லட்சத்தீவுக் கடலில் இரண்டு முள்ளையும் வைத்துச் சோதித்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போய்ச் சுறாவும் சூரையும் பிடிக்கிற நீள்கயிற்றுத் தொழிலும் இதே ரகம்தான்.

ஆக ஒரே வடிவம். ஒருத்தர் கையில் அதிகம் பிடிக்கிற முள், இன்னொருத்தர் கையில் பிழைக்க வைக்கிற முள். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமா மூன்று நாளில் தானே கண்டுபிடித்தார்.

2024 ஜனவரியில் ஊருக்குப் போனபோது ஆற்றுக்கு ஏற்ற சின்ன அளவில் இரண்டு பாக்கெட் வட்ட முள் வாங்கிப் போயிருந்தேன். மாமா ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம் மாப்ள, இது யாருக்குப் பயந்து இப்படித் தலையக் குனிஞ்சிருக்கு?"

விளக்கினேன். தொண்டை, தாடை, நூற்றுக்கு 9, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிடிச்ச மீன விடுறதுக்கு எதுக்குப்பா பிடிக்கணும்? சோத்தப் பிசைஞ்சு வாய்க்கிட்ட கொண்டுபோயிட்டு மறுபடி எலையிலயே வைக்கிற மாதிரி இருக்கு. உனக்கு அது வெளையாட்டு. மீனுக்கு?"

இங்கே நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவர் கேட்டது நியாயம். மாமா பிடிப்பது குழம்புக்கு. மூன்று மீன் கிடைத்தால் எழுந்து வந்துவிடுவார். நானோ சனிக்கிழமை சந்தோஷத்துக்காகப் பத்துப் பேர் வாயைக் கிழித்துவிட்டு, அதில் ஒன்பது பேரைப் பத்திரமாக அனுப்பி வைத்தேன் என்று பெருமைப்படுகிற ஆள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, ஆற்றங்கரையிலேயே அறுபது வருஷம் இருந்தவருக்கு மீனைக் காப்பாற்றுவது எப்படி என்று பாடம் எடுப்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. வெளியூரில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். மீனில் இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில், அதுவும் இல்லாவிட்டால் சர்க்கரை வியாதியில்.

மகள்தான் பேசினாள். "தாத்தா, சின்னது மாட்டினா என்ன பண்ணுவீங்க?"

"விட்டுருவேன். பொடிய யாரு திம்பா?"

"அது பொழைக்குமா?"

மாமா அவளைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல போட்டுப் பாப்போம், வா" என்றார்.

மூன்று காலை, கோவில்கடவுப் பக்கம், சரணாலய எல்லைக்கு வெளியே. இரண்டு தூண்டில், ஒரே மண்புழு. பழைய முள் மாமா கையில், வட்ட முள் மகள் கையில். முதல் காலையில் மாமாதான் ஜெயித்தார். பொடிக் கெண்டை கடிப்பது கடி இல்லை, கொறிப்பது. அது கொறிக்கும் நேரத்தில் சுண்டினால்தான் உண்டு. வட்ட முள்ளில் புழு மட்டும் காணாமல் போயிற்று. "உன் முள்ளு நல்லாச் சோறு போடுது மாப்ள" என்று ஒரே சிரிப்பு.

இரண்டாம் நாள் பெரிய புழுவாகக் கோத்து, ஆழமான இடத்தில் போட்டோம். முனையை மூடாமல் கோக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். வளைவுக்குள் இரையை அடைத்துவிட்டால் முள் திரும்ப இடமிருக்காது. இந்தத் தடவை கெளுத்தி மாட்டியது. தாடை மூலையில், பொட்டு வைத்த மாதிரி. மாமாவின் கெளுத்தி ஜே முள்ளை முழுங்கியிருந்தது. குழம்புக்குப் போவதால் அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் மாமா ஒரு காரியம் செய்தார். வட்ட முள் கட்டிய நரம்பை வேரில் கட்டிப் போட்டுவிட்டு, டீ குடிக்கக் கூட்டிப் போனார். திரும்பி வந்தால் ஆரல், உயிரோடு, அதே தாடை மூலையில். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்தா என் முள்ளு. கட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா உன் முள்ளு. இத ஊர்ல பத்துப் பேரு ராத்திரி நூறு நூறாக் கட்டிப் போட்டான்னு வையி, ஆறு என்னத்துக்கு ஆகும்? இது மீனக் காப்பாத்துற முள்ளா, தொடைச்சு எடுக்குற முள்ளா?"

ஹாலிபட் கதையை நான் அவருக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

அன்று மாலை பேச்சு வேறு பக்கம் போயிற்று. இளவட்டமாக இருந்தபோது கீழே, ஆறு ஆழமாகப் போகும் இடங்களில் உள்ளங்கை அகலச் செதில் வைத்த பெரிய கெண்டை பார்த்திருக்கிறேன் என்றார். அவர் பார்த்தது எந்த இனம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காவிரியில் திமில் வைத்த மஹசீர் என்று ஒரு கெண்டை உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தூண்டில்காரர்களின் கனவு மீன். 1946இல் கபினியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவில் ஒரு மஹசீர் பிடித்திருக்கிறார்கள். இவ்வளவு புகழ் இருந்தும் திமில் மீனுக்கு ஒழுங்கான அறிவியல் பெயர் இல்லாமலே இருந்தது. கேரள ஆய்வாளர்கள் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து ஓர் இனத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள்: டோர் ரெமாதேவி. அந்த இனமும் காவிரியின் திமில் மீனும் ஒன்றுதான் என்று 2018இல் ஆய்வு வந்தது. அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று சர்வதேசப் பட்டியலிலும் ஏறியது.

"நம்ம பாம்பாத்துலயா?" என்றார் மாமா. பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்: "அந்தக் கெண்டைக் குட்டி என்னைக்காவது மாட்டுச்சுன்னா விட்டுருவேன். விட்டாப் பொழைக்கணும்ல? அதுக்கு எந்த முள்ளு?"

நாலரை வருஷத்துக்கு முன்னால் கார் பின் சீட்டிலிருந்து வந்த அதே கேள்வி. மகள் ஓடிப்போய் பாக்கெட்டை எடுத்து வந்தாள்.

எதை விடப்போகிறோம், எதைச் சாப்பிடப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள், முள் அதற்குப் பின்னால். இதுதான் எங்கள் வீட்டுத் தகராறில் எட்டிய உடன்படிக்கை. முதல் மூன்று மீனைக் குழம்பு வைத்துவிட்டு எழுந்து போகிறவருக்குப் பழைய முள்ளே போதும், கை தேர்ந்திருந்தால். பிடிப்பதில் பாதிக்கு மேல் திரும்பப் போகும் என்றால் வட்ட முள். கோணல் இல்லாததாகப் பாருங்கள். எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். ஆழமாகப் போய்விட்டால் பிடுங்காமல் நரம்பை வெட்டி விடுங்கள், சாதாரண முள் காலப்போக்கில் துருத்துப் போகும். கையை நனைத்துவிட்டு மீனைத் தொடுங்கள். போட்டோ ஆசைக்காக வெளியே வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் மீனுக்கு மூச்சு இல்லாத நொடி. கட்டிப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு வட்ட முள் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சில இடங்களில் எந்த முள்ளும் வேண்டாம். சின்னாறு சரணாலயத்துக்குள் தூண்டிலே கூடாது, அந்தக் கெண்டை இருக்கும் தண்ணீர் அது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் ஏரியில் மிதந்தால், அடியில் பெரிய வரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே தூண்டில் போட்டால் ஒரு மீனோடு போகாது, கூட்டமே போகும். முதல் மழையில் சினையோடு வயலுக்கு ஏறும் மீனை அள்ளுகிற ஊத்தா பிடித்தத்துக்கும் கேரளாவில் 2010 உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் தடை உண்டு.

மாமா போன மாதம் போனில் பேசினார். மழை சரியில்லை, கரும்பு சுமார், முழங்கால் வலி. கடைசியில் மகளிடம் கொடுக்கச் சொன்னார். "உன் முள்ளுல நாலு பொடி மாட்டுச்சு கண்ணு. நாலும் ஓடிருச்சு, நின்னு பாத்தேன்" என்றாராம். நின்று பார்த்தாரா என்று அவள் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

டிஸ்கி: இந்த வாரம் கால்வாயில் ஒரு 29 அங்குலம் கிடைத்தது, விதிப்படி வீட்டுக்கு வந்துவிட்டது. தங்கமணி மறையூர் அத்தையிடம் போனில் கேட்டு மீன் குழம்பு வைத்தார். மகள் முதலில் முறைத்தாள், அப்புறம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். :-)